கல்யாணப் பெட்டியும் குலச்சின்னமும்

1472இல் ஃபுளோரன்ஸ் நகரத்தில் லொரென்சோ மொரெல்லிக்கும் வாஜ்ஜா நெர்லிக்கும் கல்யாணம். அதற்காக மாப்பிள்ளை செய்யக் கொடுத்த இரண்டு மரப்பெட்டிகள் இன்று லண்டன் கோர்ட்டால்ட் காலரியில் இருக்கின்றன. மொரெல்லி கணக்கு எழுதி வைக்கிற ஆள். அதனால் தச்சர், ஓவியர்களின் பெயர்கள்கூட நமக்குத் தெரியும். முகப்பில் ரோமானியத் தளபதி கமில்லஸின் கதை. மாணவர்களை எதிரியிடம் ஒப்படைக்க வந்த வாத்தியாரை அதே பிள்ளைகளை விட்டே அடித்து விரட்டச் செய்தவர் அவர். படுக்கையறைப் பெட்டிக்கு இப்படியொரு கதையா என்று கேட்கத் தோன்றும். துணிமணி எடுக்கும்போதெல்லாம் நன்னடத்தைப் பாடம் கண்ணில் படட்டும் என்று பெரியவர்கள் நினைத்திருக்கலாம்.

கசோனே எனப்படும் இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். பாப்ளர் மரத்தில் சுண்ணப் பூச்சு; அதன்மேல் முட்டைக் கருவில் குழைத்த வண்ணம், தங்க ரேக்கு. முகப்பிலோ பக்கப் பலகைகளிலோ மாப்பிள்ளை வீட்டுக் குலச்சின்னமும் பெண் வீட்டுக் குலச்சின்னமும் இருக்கும். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் ஊர்வலத்தில் பெட்டிகளைத் தெருவழியே தூக்கிச் செல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் குலச்சின்னக் கேடயத்தின் நிறத்தைப் பார்த்தே யார் வீட்டோடு யார் வீடு சம்பந்தம் செய்கிறது என்று சொல்லிவிடுவார். வரதட்சணைக்குச் சேமிப்பதற்கென்றே 1425இல் அரசாங்க நிதி ஒன்றைத் தொடங்கிய ஊர் ஃபுளோரன்ஸ். சம்பந்தம் என்பது அங்கே ஊரறிய நடக்க வேண்டிய காரியம்.

மூடியின் உட்புறம் வேறு கதை. சில பெட்டிகளில் அங்கே நிர்வாணமாகச் சாய்ந்து படுத்திருக்கும் ஆணோ பெண்ணோ இருப்பார்கள். அழகான உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழகான குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையே காரணம் என்பார்கள். வெளியே குலப்பெருமை, உள்ளே குலவிருத்தி!

15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர்வல வழக்கம் குறைந்தது. அடுத்த நூற்றாண்டில் செதுக்கிய வால்நட் பெட்டிகள் மோஸ்தராக, வண்ணப்பெட்டி பழைய பாணியாயிற்று. பிறகு 19ஆம் நூற்றாண்டில் பழம்பொருள் சந்தை சூடுபிடித்தது. பெட்டியைவிட அதன் முகப்பு ஓவியத்துக்கு விலை அதிகம் என்று கண்ட வியாபாரிகள் பலகையை அறுத்தெடுத்துச் சட்டம் போட்டார்கள். மிஞ்சிய பலகைகளில் பல புதுப் பெட்டிகளுக்குப் போயின. முழுப் பெட்டியே வேண்டும் என்ற கோடீஸ்வரர்களுக்குப் பழைய துண்டுகளை ஒட்டி, புதிய குலச்சின்னமும் தீட்டிக் கொடுத்தார்கள். மொரெல்லி பெட்டிகளிலும் அக்காலத்துப் பழுதுபார்ப்புக் கை பட்டிருக்கிறது.

இன்று இந்தப் பலகைகள் அருங்காட்சியகச் சுவரில் கண்ணுயரத்தில் தொங்குகின்றன. முழங்கால் உயரத்தில், குனிந்து பார்ப்பதற்கென்று வரைந்தவை! இந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. நிமிர்ந்து பார்க்கும் நமக்கு அது வெறும் போர்க்களச் சித்திரம். ஆனால் பூட்டுக்குக் கீழே சாவிக்கொத்து உரசிய கீறல் சில பலகைகளில் இன்னும் தெரியும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அறுத்ததில் குலச்சின்னத்தை இழந்த ஓவியத்துக்கு ஊரும் பேரும் போய்விடுகிறது. இதற்கு ஓவியர்கள் அப்பொல்லோனியோ தி ஜொவான்னியும் மார்கோ தெல் புவோனோவும் சேர்ந்து நடத்திய ஃபுளோரன்ஸ் பட்டறையே சாட்சி. 1446 முதல் 1463 வரை யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன விலையில் பெட்டி செய்தார்கள் என்ற பட்டியலின் நகல் கிடைத்திருந்தது. ஆனால் எந்த ஓவியம் அவர்களுடையது என்று தெரியவில்லை. ரோமானியக் கவி வர்ஜிலின் காவியக் காட்சிகளை வரைந்தவர் யாரென்று தெரியாமல் ஆய்வாளர்கள் அவரை ‘வர்ஜில் மாஸ்டர்’ என்றே குறித்தார்கள். அமெரிக்காவின் ஒபெர்லின் கல்லூரி அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பலகையில், பாரசீக மன்னன் செர்க்சஸின் கிரேக்கப் படையெடுப்பைக் காட்டும் பலகையில், குலச்சின்னங்கள் அழியாமல் இருந்தன. 1944இல் கலை வரலாற்றாளர் வோல்ஃப்காங் ஸ்டெக்கோவ் அவற்றைப் பட்டியலின் ஒரு வரியோடு பொருத்தினார். அப்பொல்லோனியோவுக்குத் தம் ஓவியங்கள் திரும்பக் கிடைத்தன.