காலியாகும் அலமாரிகள்: பதற்றக் கொள்முதலின் கணக்கு

தொற்றுநோய்க் காலத்தில் கடைகளில் பொருள் தீர்ந்துபோவதற்கு உற்பத்திக் குறைவு மட்டுமே காரணமாக இருப்பதில்லை. பல வாரங்களில் நடக்க வேண்டிய கொள்முதல் ஓரிரு நாளில் நடந்து முடிந்தாலும் அலமாரிகள் காலியாகிவிடும். இதற்கு மூட்டை மூட்டையாகப் பதுக்குவோர் இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்கினாலே போதும்.

ஒரு மளிகைக் கடையை நம்பி 500 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரம் ஒரு கிலோ துவரம்பருப்பு தேவை. கடைக்காரர் 600 கிலோ இருப்பு வைத்திருக்கிறார். சாதாரண வாரத்தில் 100 கிலோ மிஞ்சும். ஊரடங்கு வரப்போகிறது என்ற பேச்சு பரவியதும் குடும்பத்துக்கு 3 கிலோ கேட்கிறார்கள். 200 குடும்பங்கள் வாங்கியதுமே இருப்பு தீர்ந்துவிடுகிறது. மீதி 300 குடும்பங்கள் வெறும் பையோடு திரும்புகின்றன. வாங்கிய வீடுகளிலோ அந்த வாரத் தேவை போக 400 கிலோ பருப்பு டப்பாக்களில் இருக்கிறது. கிடைக்காதவர்களுக்கு வேண்டியது 300 கிலோதான். பொருள் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. கடையிலிருந்து சில வீடுகளுக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1948இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தப் போக்கை விளக்குகிறது. நல்ல நிலையில் உள்ள வங்கியாக இருந்தாலும், அது திவாலாகப்போகிறது என்று நம்பி எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுத்தால் அந்த வங்கி நிஜமாகவே திவாலாகிவிடும். பொய்யான நம்பிக்கையே தன்னை மெய்யாக்கிக்கொள்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஜப்பானில் இதுதான் நடந்தது. கழிவறைக் காகிதம் கிடைக்காமல் போகும் என்ற வதந்தியால் ஒசாகா அருகே கடைகளில் கூட்டம் முண்டியடித்தது. காகித உற்பத்தி வழக்கம்போல் நடந்தபோதும், தட்டுப்பாடு நாடெங்கும் பரவியது.

கடையில் தொடங்கும் பதற்றம் மேலே செல்லச் செல்லப் பெரிதாகிறது. விற்பனை கூடியதைக் கண்ட கடைக்காரர் தேவைக்கு மேல் ஆர்டர் கொடுப்பார். பல கடைகளின் ஆர்டரைச் சேர்த்துப் பார்க்கும் மொத்த வியாபாரி இன்னும் கூடுதலாகக் கேட்பார். ஆலைக்கு வந்து சேரும் எண்ணிக்கைக்கும் வீடுகளின் உண்மையான நுகர்வுக்கும் தொடர்பே இருக்காது. சாட்டையின் கைப்பிடியில் கொடுக்கும் சிறு அசைவு நுனியில் பெரும் வீச்சாவதால், விநியோகத் துறையினர் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். சில வாரம் கழித்து, வீடுகளில் இருப்பு நிறைந்திருப்பதால் விற்பனை சரியும். அப்போது கிடங்குகளில் சரக்கு தேங்கும்.

பொது சுகாதார நெருக்கடியில் பதற்றக் கொள்முதலுக்கு இன்னொரு விலையும் உண்டு: கூட்டமே நோயைப் பரப்பும். சென்னை உள்ளிட்ட மாநகராட்சிகளில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24 அன்று அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது ஒரே நாள். 25ஆம் தேதி கோயம்பேடு சந்தையிலும் மளிகைக் கடைகளிலும் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அதையடுத்த நாட்களில் கோயம்பேடு பெரிய தொற்று மையமாகத் தெரியவந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள், வியாபாரிகள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களிலும் தொற்று பரவியது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வாரக்கணக்கில் நெரிசலோடு இயங்கிய சந்தை என்பதால், அந்த ஒரு நாளை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் நான்கு நாள் தேவையை ஒரே பகலில் வாங்கச் சொல்லும் அறிவிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை அது காட்டியது.

மருந்துகளில் இந்தப் பதற்றம் இன்னும் கொடியது. 2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு பரவியதும் மருந்துக் கடைகளில் அது தீர்ந்துபோனது. லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்கள் அன்றாடம் நம்பியிருக்கும் மாத்திரை அது. மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்க மார்ச் 26 அன்று மத்திய அரசு விதியைக் கடுமையாக்க வேண்டியிருந்தது. கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலனில்லை என்று பெரிய ஆய்வுகள் பின்னர் காட்டின.

விலைக்கு வரம்பு வைப்பது ஒரு தீர்வு. 2020 மார்ச்சில் மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. இது கொள்ளை விலையைத் தடுக்குமே தவிர, காலி அலமாரியை நிரப்பாது. பங்கீடுதான் அதைச் செய்யும். தைவானில் 2020 பிப்ரவரி 6 முதல் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டி ஒருவர் வாரம் இரண்டு முகக்கவசம் வாங்கும் முறை வந்தது. அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து நாள் ஒதுக்கப்பட்டது. எந்த மருந்துக் கடையில் எவ்வளவு இருப்பு என்பதை இணைய வரைபடங்களில் எவரும் பார்க்க முடிந்தது. தன் பங்கு தனக்குண்டு என்று தெரிந்தவர் முண்டியடிக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஏப்ரலில் ரேஷன் கடைகள் பின்பற்றிய டோக்கன் முறையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். எந்த நாள், எந்த நேரம் வர வேண்டும் என்று டோக்கனில் குறித்துக் கொடுத்ததால், 1,000 ரூபாய் நிவாரணத்தையும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையையும் மக்கள் பகுதி பகுதியாக வந்து பெற்றுச் செல்ல வழி கிடைத்தது.

பதற்றத்தில் வாங்குவோரைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவதால் பயனில்லை. கையில் காசிருப்பவர் முதல் நாளிலேயே வாங்கிவிடுகிறார். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவர் வரும்போது கடை காலியாக இருக்கிறது. ஆகவே அரசு இருப்பு விவரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஊரடங்கை அறிவிக்கும்போதே விநியோக ஏற்பாட்டையும் அறிவிக்க வேண்டும், தட்டுப்பாடு தொடங்கும் முன்பே பங்கீட்டைத் தொடங்க வேண்டும். குடும்பங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு வாரத்துக்கு வேண்டிய மளிகையையும் ஒரு மாதத்துக்கு வேண்டிய வழக்கமான மருந்தையும் நெருக்கடி இல்லாத நாட்களிலேயே சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருப்பது. அப்படிச் சேர்ப்பது பதுக்கல் ஆகாது. நெருக்கடி நாளில் வரிசையில் ஓர் ஆளைக் குறைக்கும் பொறுப்பான செயல் அது.