பீமாயணம்: அழகோடு நின்றுவிடும் வாசிப்பு

அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களைச் சொல்லும் சித்திரக்கதை நூல் ‘பீமாயணம்’ (2011). படங்கள் அழகு, கட்டங்கள் இல்லாததால் தொடர்வது கடினம் என்பர் வாசகர் சிலர். அவ்வளவோடு நிறுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை. கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இணையர், மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தே அவற்றைத் தவிர்த்தனர். பரிவான சொற்களுக்குப் பறவை வடிவம். சாதியின் சொற்களுக்கோ தேள்கொடுக்கு! பள்ளியில் ஏவலர் வந்து குழாயைத் திறந்தாலன்றிச் சிறுவன் பீமுக்குத் தண்ணீர் இல்லை. தாகத்தில் அவன் மீனாகிறான்.

தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரியில் இதைப் படிக்கும் நமக்கு அந்த மீன் ஒரு சட்டத்தை நினைவூட்டுகிறது. ஆறு, குளம், கிணறு, படித்துறை, குழாய் ஆகியவற்றைப் பட்டியல் சாதியினர் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இன்படி குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை.