நடுக்கம் மட்டுமன்று

டுரியான் பருவத்தில் பினாங்கின் புக்கிட் தெங்காவில் சாலையோரக் கடைகளைக் கடப்போர் எவரையும் அப்பழத்தின் மணம் விடாது. அதனை ஒரு முதியவர் உணரவில்லையெனில் வீட்டார் சளி என்பர். பெரும்பாலும் அது மெய்யாகவும் இருக்கும். ஆயினும் பார்க்கின்சன் நோயாளருட் பெரும்பாலார்க்கு மோப்பம் மங்குகிறது. பலருக்குக் கை நடுங்குவதற்கு ஆண்டுகள் சில முன்னரே மங்கிவிடுகிறது.

1817இல் இந்நோயை விரித்தெழுதிய இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன், புலன்களும் அறிவும் ஊறுபடுவதில்லை என்றே கருதினார். மலச்சிக்கலையும் உறக்கக் குலைவையும் அதே நூலில் அவரே குறித்திருப்பது வியப்பு. 2003இல் செருமானிய அறிஞர் ஐக்கோ பிராக் குழுவினர், ஆல்பா சைனியூக்ளின் என்னும் புரதத்தின் திரள்கள் மோப்பக் குமிழிலும், குடலை ஆளும் வேகசு நரம்பின் மூளைத்தண்டுக் கருவிலும் முதலில் தோன்றி, பின்னரே நடுமூளையின் கரும்பகுதியை அடைகின்றன என்றனர். எல்லா நோயாளரும் இவ்வரிசைக்கு அடங்குவதில்லை.

கனவு காணும் உறக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடப்பது இயல்பு. இந்நோயாளர் பலரிடம் அத்தளர்ச்சி நீங்கும்; அப்போது கனவில் ஓடுபவர் படுக்கையில் உதைப்பார், கூவுவார். உறங்குபவர் அறியார். அருகிற் படுத்தவரே சான்று.

குடலின் செய்தி மருந்தோடு இன்னும் நெருங்கியது. நோய்க்குத் தலையாய மருந்து இலெவோடோபா. 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி ஆகிய ஆய்வாளர்கள் அதனைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். (விதையை வாங்கித் தாமே அரைத்துண்ண இது இசைவன்று, அளவு விதைக்கு விதை மாறும்.) இம்மருந்தை உறிஞ்சுவது சிறுகுடல். இரைப்பை மெல்ல இயங்கினால் மருந்து அங்கேயே காத்துக் கிடக்கும். புரதம் மிகுந்த உணவும் அதனுடன் போட்டியிடும். மாத்திரை ‘பிடிக்கவில்லை’ என்று நொந்துகொள்பவரின் வயிற்றையும் உணவு வேளையையும் கேட்டறிதல் வேண்டும்.

இந்நோயில் இரத்த அழுத்தமும் குலையும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துள் அதன் மேல் அளவு 20 அலகு சரிந்தால் தலை சுற்றக்கூடும். பினாங்கு வெயில் அதனை மிகுவிக்கும். கட்டில் விளிம்பில் சற்று அமர்ந்தெழுவது நன்று. ஆர்வமின்மையையும் மனச்சோர்வையும் சோம்பலென்று வைவது கொடுமை. அவையும் நோயின் கூறுகளே.

வீட்டார் வாய்திறக்கத் தயங்குவது ஒன்றுண்டு. இந்நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் அடங்காச் சூதாட்ட வேட்கையைக் கிளப்பும். என்றும் ‘நாலு நம்பர்’ பரிசுச்சீட்டு வாங்காதவர் நாள்தோறும் வாங்கத் தொடங்கினால், அவரைப் பழியாமல் மருத்துவரிடம் சொல்க. அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவர் பொறுப்பு; திடீரென நிறுத்துவது தீங்கு.