எழுத்து வழியே நுழையும் எதிரி

பிரவுசருக்குப் பிரவுசர் தமிழ் சிதைந்த காலம் போய்விட்டது. அது கற்றுக்கொடுத்த பழக்கம்தான் இப்போது ஆபத்து.

1990களின் பிற்பகுதி. மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கணக்கில் காசு கொடுத்து ஊர்ச் செய்தி படிக்க உட்கார்ந்தவரின் திரையில் தமிழ் இல்லை. டிஸ்கி முறையில் தயாரான பக்கமென்றால் 'தமிழ்' என்ற சொல், முக்கால் பின்னம், தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ', அமெரிக்க செண்ட் குறி, கோடிட்ட 'யு' என்று நான்கு குறிகளாகச் சிதறிக் கிடக்கும். இகரக் கொக்கி செண்டாகிவிட்டது!

காரணம் எளிமையானது. அன்றைய எழுத்துருக்களில் இடங்கள் 256தான். ஆங்கிலம் போக மிஞ்சிய இடங்களில் ஆளாளுக்கு ஒரு வரிசையில் தமிழை அடைத்தார்கள். பக்கம் அனுப்பியது வெறும் எண்களை. அதே எழுத்துரு வாசகரிடம் இல்லையென்றால் பிரவுசர் அந்த எண்களை ஐரோப்பிய எழுத்துகளாகவே காட்டும். 'எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற அறிவிப்பு தமிழ்த் தளங்களின் நிரந்தர வாசகமானது.

1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, எக்ஸ்ப்ளோரர் 4 இரண்டும் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்ப வழி செய்தன. ஆனால் ஆளுக்கொரு கோப்பு முறை. ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சமைத்து வைக்க வேண்டியதாயிற்று. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என இரண்டு தரங்களை அறிவித்தது. டிஸ்கியும் போட்டியில் இருந்தது. குழப்பம் குறையவில்லை.

தீர்வு யூனிகோடில் இருந்தது. விண்டோஸ் 2000உடன் வந்த 'லதா' எழுத்துரு, பவாய் ஐஐடியில் கற்பித்த ஆர்.கே. ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. உலகத் தமிழர்கள் பல ஆண்டுகள் கம்ப்யூட்டரில் படித்த எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் மராட்டியர் ஒருவர். 2010இல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. 2012இல் 'வோஃப்' என்ற எழுத்துருக் கோப்பு முறை எல்லா பிரவுசர்களுக்கும் பொதுத் தரமானது.

கதை இங்கே முடியவில்லை. எழுத்துரு என்பது படம் அல்ல. கட்டளைகள் அடங்கிய சிறு நிரல். விண்டோஸில் அதைக் கையாண்ட பகுதி, இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே இருந்தது. 2011இல் அம்பலமான 'டுக்கு' வைரஸ் அந்த வழியாகத்தான் நுழைந்தது. வேர்ட் கோப்பு ஒன்றில் பதித்திருந்த எழுத்துருவே ஆயுதம். அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய அதிகாரிகள் டுக்குவோடு தொடர்புள்ள சர்வரின் பாகங்களைக் கைப்பற்றியதும் மும்பையில்தான். டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைத்தது. இன்று குரோமும் ஃபயர்பாக்ஸும் இணையத்தில் வரும் எழுத்துருவைச் சோதித்த பிறகே உள்ளே விடுகின்றன.

இயந்திரத்துக்குக் காவல் போட்டாயிற்று. மனிதருக்கு? 2017இல் மோசடிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஊடுருவப்பட்ட தளங்களில் எழுத்துகளை வேண்டுமென்றே சிதைத்து, 'எழுத்துரு இல்லை, அப்டேட் செய்யுங்கள்' என்று பொத்தானைக் காட்டினார்கள். அழுத்தியவர்களுக்கு இறங்கியது வைரஸ். எழுத்து சிதைந்தால் இறக்கு என்று பழகிய தமிழ் வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான தூண்டில் உண்டா?

தளம் அமைப்பவர்களுக்கும் பாடம் உண்டு. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வுமாக அடிப்பவர்களும் ஏராளம். முதல் வகையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே விதி இருக்கிறது. இரண்டாவதைத் தளம்தான் கவனிக்க வேண்டும். தவறினால், பதிவு செய்த பெயரைத் தேடும்போது 'அப்படி ஒருவர் இல்லை' என்றே பதில் வரும். தமிழ் எண் ஒன்றும் 'க'வும் இரட்டைப் பிறவிகள். போலி முகவரிக்கு அது வசதி.

தாராவியின் சந்துகளில் இன்று பிரவுசிங் சென்டர் தேவையில்லை; கையிலிருக்கும் போனிலேயே தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. ஆகவே விதியும் எளிது: பிரவுசரையும் போனையும் அவ்வப்போது அப்டேட் செய்யலாம், அவற்றின் சொந்த செட்டிங்ஸ் வழியாக மட்டும். எழுத்து சிதைந்திருக்கிறது, இதை இறக்கிக்கொள் என்று எந்தப் பக்கமாவது கெஞ்சினால், அந்தப் பக்கத்தை மூடிவிடுவதே நல்லது.