பெரிய கோயில் பதித்த ஆயிரம் ரூபாய்

1954-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய்த் தாளின் முன்பக்கத்தில் அசோகத் தூணின் சிங்கங்கள் இருந்தன. திருப்பினால், ராஜராஜன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயில். நுணுக்கமான கோடுகளில் விமானம் அடுக்கடுக்காக உயரும். இந்திய மொழிகளின் வரிசையில் தமிழிலும் தொகை எழுதியிருக்கும். 1946-இல் பிரிட்டிஷ் அரசு செல்லாதென்று அறிவித்த ஆயிரம் ரூபாய், எட்டு ஆண்டு கழித்து இந்தக் கோலத்தில் மறுபடி வந்தது.

அன்று ஒரு பவுன் எழுபது ரூபாய்க்கும் குறைவு. ஆக, ஒரே தாளுக்குப் பதினான்கு பவுன் தாராளமாகக் கிடைக்கும். கோயிலைச் சுற்றியிருந்த வயல்களில் நடவு நட்டவர்களுக்கோ கூலியை நெல்லாகத்தான் அளந்தார்கள். அந்தத் தாள் புழக்கத்தில் இருந்த காலத்தில்தான், 1968-இல், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டம் 44 உயிர்கள் தீயில் கருகுவதில் முடிந்தது. அந்தத் தாளைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1978 ஜனவரி 16, காணும் பொங்கல். காலை வானொலிச் செய்தியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மொரார்ஜி தேசாய் அரசின் அவசரச் சட்டம் அது. மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. மாற்றிக்கொள்ள 19-ஆம் தேதி வரைதான் கெடு. தாமதத்துக்குக் காரணம் காட்டினால் 24 வரை. அறுவடை மும்முரத்தில் இருந்த டெல்டாவில், நெல் விற்ற பணத்தை அந்தத் தாள்களாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர் யாராக இருந்தாலும் அடித்துப் பிடித்து ஓடியிருக்க வேண்டும்.

ஜெர்மனியின் பழைய 50 மார்க் தாளிலும் ஒரு பழங்கட்டடம் உண்டு: லூபெக் நகரத்தின் ஹோல்ஸ்டன் கோட்டை வாசல். யூரோ வந்து மார்க் வழக்கொழிந்துவிட்டது. ஆனாலும் அதை இன்றைக்குக் கொண்டுபோனாலும் ஜெர்மன் மத்திய வங்கி யூரோவாக மாற்றித் தரும்; கெடுவே கிடையாது. மக்களின் சேமிப்பை மதிப்பது என்றால் இதுதான் என்பேன்.

2010-இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வெள்ளி கலந்த ஆயிரம் ரூபாய் நாணயம் அடித்தார்கள், அது சேகரிப்பாளர்களுக்கானது. கூடவே ஐந்து ரூபாய் நாணயத்திலும் கோயிலைப் பதித்தார்கள். எனக்கு அதுதான் பெரிது. நடவாள் கையிலும் டீக்கடைக் கல்லாவிலும் பெரிய கோயில் புழங்கியது அதில்தான்.