சிறு ஜாதி நாய்க்குட்டிகளின் உச்சிக்குழி

விருதுநகர் ஜில்லா நாய் வளர்ப்புக்குப் பேர்போன பிரதேசம் என்பது யாவரும் அறிந்ததே. இராஜபாளையம் நாய் தான் தோன்றிய ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இந்தியத் தபால் இலாகா நாய்ப் படத் தபால் தலைகள் நான்கினை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்று இந்நாய்க்கு உரியதாயிற்று. சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்களும் தென் பாண்டி நாட்டுக் கரிசல் பூமிக்கு உரியவையே. இவையன்றி, தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலைச் சார்ந்து வாழும் வீடுகளிலும், தோட்டம் காடு உடைய குடியானவர் வீடுகளிலும் பொமரேனியன் போன்ற சிறு ஜாதி நாய்களும் இக்காலத்தில் இடம்பெற்று வருகின்றன. இக்குட்டிகளை வாங்கியோர் அதன் தலையைத் தடவுகையில், உச்சியில் எலும்பின்றி மெத்தென்று ஓரிடம் இருப்பதைக் கண்டு திகைப்பதுண்டு. அதன் தன்மை யாது, அதனால் அபாயம் உண்டா, செய்யத்தக்கது என்ன என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

உச்சிக்குழி ஏற்படும் விதம்

மண்டை ஓடு ஒரே எலும்பால் ஆனதன்று. நெற்றி எலும்பு, உச்சி எலும்பு, பிடரி எலும்பு எனப் பல தகடுகள் ஓரங்களில் பொருந்தி அமைந்ததாகும். பிறக்கும்போது இத்தகடுகள் முற்றும் பொருந்தியிரா. குட்டி தாயின் உடலினின்று எளிதில் வெளிவரவும், வளரும் மூளைக்கு இடங்கொடுக்கவும் இவ்வமைப்பு உதவுகிறது. நெற்றி எலும்புகளும் உச்சி எலும்புகளும் சந்திக்கும் இடத்தில் தோலும் சவ்வும் மட்டுமே மூடியிருக்கும் இடைவெளியே உச்சிக்குழி. மனிதக் குழந்தையிடத்தும் இது உண்டு. அது பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் மூடிவிடும். நாய்க்குட்டிகளுக்கோ சாதாரணமாக 3 அல்லது 4 மாத வயதிற்குள் மூடிவிடுகிறது.

சிவாவா, பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், மால்டீஸ், லாசா ஆப்சோ, ஷிட்சு முதலிய சிறு ஜாதிகளில் இக்குழி காலம் கடந்தும், சிலவற்றில் ஆயுள் முழுவதும், மூடாமல் இருப்பதுண்டு. மெக்சிகோ தேசத்தின் சிவாவா மாகாணத்தின் பெயரைக் கொண்ட சிவாவா நாயிடத்தில் இது மிக அதிகம். 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ, எடைக்கு மேற்படக்கூடாதென்ற விதியும், ஆப்பிள் பழம் போல் உருண்ட தலை வேண்டுமென்ற விருப்பமும் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து வந்ததனோடு இக்குறை தொடர்புடையது. நீண்ட தலையும் இரண்டடிக்கு மேற்பட்ட உயரமும் உடைய இராஜபாளையம் நாய்க்கு இத்தொல்லை உரியதன்று.

இது அபாயமானதா?

இவ்விஷயத்தில் இருவகைத் தவறான எண்ணங்கள் உள. ஒரு சாரார், உச்சிக்குழி இருப்பதே அசல் ஜாதிக்கு அடையாளம் என்று கூறி விற்பர். அமெரிக்க நாய் வளர்ப்போர் சங்க விதிகள் சிவாவா நாய்க்கு இக்குழி இருப்பினும் இல்லாவிடினும் ஒப்புக்கொள்ளலாம் என்று கூறுகின்றனவேயன்றி, அதனைச் சிறப்பாகக் கூறவில்லை. 2021-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆராய்ச்சியில், 50 சிவாவா நாய்களின் மண்டை ஓடுகளைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்ததில் 46 நாய்களுக்கு மூடாத இடைவெளிகள் காணப்பட்டன. மூளை, தண்டுவட நோய்க்குறிகள் உள்ள நாய்களிடத்தில் அவ்விடைவெளிகள் மிகுதியாகவும் பெரிதாகவும் இருந்தன. ஆகவே இதனை வெறும் ஜாதி அடையாளம் என்று தள்ளிவிடுதல் சரியன்று.

மற்றொரு சாரார், குழி உள்ள குட்டி பிழைக்காது என்று அஞ்சி அதனைத் தெருவில் விட்டுவிடுவர். இதுவும் பிழையே. குழி இருந்தும் யாதொரு நோயுமின்றி நெடுநாள் வாழும் நாய்கள் பல. அஞ்சத்தக்கது குழியன்று, அதனோடு சிலபோது சேர்ந்து காணப்படும் மூளை நீர்க்கோவையே. மூளையின் உள்ளறைகளில் சுரக்கும் நீர் ஓடி வெளிப்பட்டு இரத்தத்தில் கலக்க வேண்டும். அவ்வழி தடைப்படின் நீர் தேங்கி, அறைகள் விரிந்து, மூளையை நெருக்கும். குழி மூடிய குட்டிக்கும் இந்நோய் வரலாம். ஆதலால் குழியின் அளவை மட்டுங்கொண்டு முடிவு செய்யலாகாது.

கவனிக்க வேண்டிய குறிகள்

1. தலை உடலுக்குப் பொருந்தாது பெருத்தும் உப்பியும் இருத்தல்.
2. இரு கண்களும் வெளிப்புறமாகவும் கீழ்நோக்கியும் விலகி நிற்றல்.
3. உடன்பிறந்த குட்டிகளினும் வளர்ச்சி குன்றி, பழக்கங்களைக் கற்க முடியாது மந்தமாயிருத்தல்.
4. ஒரே பக்கமாகச் சுற்றுதல், சுவரில் தலையை முட்டி நிற்றல், தள்ளாடுதல்.
5. பார்வை மங்குதல், வலிப்பு உண்டாதல்.

இவற்றுள் ஒன்று காணினும் உடனே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூடாத குழியின் வழியே ஒலியலைக் கருவி கொண்டு மூளை அறைகளைப் பார்க்கக்கூடும். நீர் சுரப்பைக் குறைக்கும் மருந்துகள் உண்டு; தேவைப்படின் மெல்லிய குழாய் பொருத்தி நீரை வயிற்றறைக்குள் செலுத்தும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. இப்பகுதியினர் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

சிறு குட்டிகளுக்கு நெடுநேரம் பட்டினி கிடப்பதால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்தும் வலிப்பு வரும். அவ்வேளையில் குட்டியைத் தரையில் கிடத்தி, அருகிலுள்ள பொருள்களை அகற்ற வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. வலிப்பு நின்றபின் ஈறுகளில் சிறிது சர்க்கரைப் பாகினைத் தடவி வைத்தியரிடம் கொண்டு செல்க. மூன்று மாதம் வரை சிறு ஜாதிக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு முறையேனும் உணவளித்தல் நன்று.

பராமரிப்பு

குழியைப் பார்க்க விரும்புவோர் விரல் நுனியால் இலேசாகத் தடவிப் பார்க்கலாம், அழுத்தக்கூடாது. விரலின் அகலத்தோடு ஒப்பிட்டு மாதம் ஒருமுறை குறித்துக்கொண்டால் அது குறுகுகிறதா பெருகுகிறதா என்பது தெரியவரும். பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோல் எண்ணெய் வைத்துத் தேய்ப்பதால் குழி மூடாது. சுண்ணாம்புச் சத்து மருந்துகளை அளவின்றிக் கொடுப்பதாலும் மூடாது. வளரும் குட்டிக்கு அது கேடே விளைக்கும்.

எலும்பின் காப்பு இல்லாத இடமாதலால் அங்கு விழும் சிறு அடியும் மூளையைத் தாக்கக்கூடும். ஆகையால் கட்டில், திண்ணை முதலியவற்றில் குட்டியைத் தனியே விடலாகாது. சிறுவர்கள் தரையில் அமர்ந்தே அதனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும். பெரிய காவல் நாய்களுடன் விளையாட விடுதலும் தகாது. கழுத்துப் பட்டைக்கு மாறாக மார்பைச் சுற்றும் வார் கட்டுதல் நலம். வெடியோசையால் உச்சிக்குழி உண்டாவதில்லை. எனினும் தீபாவளி நாட்களில் மிரண்டோடும் குட்டி வாயிற்படியிலும் கட்டிற்காலிலும் மோதிக்கொள்ளுமாதலின், அதனை வீட்டின் உள்ளறையில் வைத்துக் காத்தல் வேண்டும்.

வாங்குவோரும் வளர்ப்போரும்

2017-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரத்திற்குட்பட்ட குட்டிகளை விற்றல் கூடாது. அவ்வயதில் வாங்குவோருக்கு மேற்கண்ட குறிகளைப் பார்த்தறியும் வாய்ப்பும் கிட்டும். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பார்த்தே வாங்குக. கையளவு குட்டி என்று கூறி மிகச் சிறியதற்கு மிகுந்த விலை கேட்பின் விலகி நிற்பதே விவேகம்.

பெரிய குழியோ மூளை நோய்க்குறியோ உடைய நாயை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது. பொலி காளையைத் தெரிந்தெடுக்கையில் திமிலும் குளம்பும் பார்க்கும் குடியானவர், நாயின் உச்சியையும் ஒருமுறை தடவிப் பார்ப்பாராயின், வரும் தலைமுறைக் குட்டிகள் பல இத்துன்பத்தினின்று தப்பும்.