தந்தி படித்தவரும் யூடியூப் பார்த்துப் பேசுபவரும்

1950களில் ஒரு கிராமத்து வீட்டுக்கு ஆங்கிலத்தில் தந்தி வந்தால், ஹைஸ்கூலில் படிக்கும் பையனைத் தேடி ஆள் ஓடும். அவன் வந்து படித்துச் சொல்லும்வரை வீட்டில் யாருக்கும் உயிர் இருக்காது. அந்தப் பையனே ஆங்கில எழுத்தைப் பழகியது பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஃபாரத்தில்தான், அதாவது ஆறாம் வகுப்பில். அதற்குள் அவனுக்குத் தமிழ் தடையின்றிப் படிக்க வந்திருக்கும். நாலுகோட்டு நோட்டு, ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம், ஸ்பெல்லிங் தப்பினால் இம்போசிஷன். தமிழ்ப் பத்தியை ஆங்கிலத்திலும் ஆங்கிலப் பத்தியைத் தமிழிலும் மாற்றி எழுதுவது வழக்கமான பயிற்சி. அதனால் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்களில்கூடப் பலர் தாசில்தாருக்கு ஆங்கிலத்தில் ஒழுங்காக மனு எழுதினார்கள். பேசச் சொன்னால்தான் நாக்கு எழாது.

அடுத்த தலைமுறைக்கு அடி விழுந்தது கல்லூரியில். 1978இல் பிளஸ் டூ வந்தது. பிளஸ் டூவரை இயற்பியலையும் கணிதத்தையும் தமிழில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், பொறியியல் கல்லூரியின் முதல் வகுப்பில் விழித்தபடி உட்கார்ந்தார்கள். தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிட்டது. ஆங்கிலத்தில் அவர்களும் பாஸ்தான். ஆனால் எஸ்ஸே முதல் மெமரி போயம்வரை எல்லாம் உருப்போட்டது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்ற லீவ் லெட்டரைத் தூக்கத்திலும் சொல்வார்கள், சந்தேகம் கேட்க ஒரு வாக்கியம் வராது. அந்த அவமானத்தைத் தம் பிள்ளை படக்கூடாது என்றுதான் கடன் வாங்கியாவது எல்.கே.ஜி.யிலேயே மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் தொடங்கப்பட்டன.

இன்றைய குழந்தை காதால் கற்கிறது. போனிக்ஸ் வகுப்பு, கார்ட்டூன், யூடியூப். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம் குறைந்திருக்கிறது. தாத்தாக்களுக்குக் கிடைக்காத பெரும்பேறு இது.

ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத குழந்தையின் நிலை வேறு. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்று ஸ்பெல்லிங் பிழையில்லாமல் எழுதும். இலை வெயிலில் என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் வராது. தமிழில் அதைப் படித்ததில்லை, ஆங்கிலத்தில் அது புரிந்ததில்லை. தாத்தா காலத்தில் ஆங்கிலத்துக்குத் தமிழ் அஸ்திவாரமாக இருந்தது. இன்று சில தனியார் பள்ளிகளில் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதமே போடுகிறார்கள். புரியாததைக் கேட்க அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறார்கள். இது கொடுமை.

பெற்றோரே, ஆங்கிலவழியில் சேர்த்தது சரிதான். மாலையில் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, அன்று நடந்த அறிவியல் பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் மறுநாளே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மதிப்பெண் அட்டை வரும்வரை காத்திருக்காதீர்கள்.